பாசியும் ஒரு பயிர்தான்

நம்பிக்கை: கடலில் கட்டிவிட்டால் போதும், பாசி தானே வளர்ந்து பணம் தரும்.

உண்மை: நிலம், நன்னீர், உரம் மூன்றும் வேண்டாம் என்பது சரி. மண்டபம் பகுதியில் மூங்கில் தெப்பங்களில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி சுமார் 45 நாளில் அறுவடைக்கு வரும். அதிலிருந்து எடுக்கும் கராஜீனன் ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டிப்படுத்துவதால் சந்தையும் உண்டு. ஆனால் விதைப்பாசியைக் கயிற்றில் கட்டுவதும், ஓரா மீன் மேயாமல் அடியில் வலை போடுவதும், அறுத்ததை உலர்த்துவதும் கைப்பாடு. பத்து கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் மிஞ்சும். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்தால் தெப்பம் தாங்காது. 2013 வாக்கில் பாசி பெருமளவில் மடிந்தபோது, அதையே நம்பிய குடும்பங்களின் வருமானமும் சரிந்தது. பாசி வளர்ப்பு மீன்பிடிக்குத் துணைத்தொழில். அதன் இடத்தை நிரப்பாது.

நம்பிக்கை: பாசி வளர்த்தால் புவி வெப்பம் தணியும்.

உண்மை: வளரும் பாசி கரியமில வாயுவை உள்வாங்குகிறது. அறுத்தபின் அது உணவாகவும் உரமாகவும் பயன்பட்டுச் சிதையும்போது, அந்த வாயுவில் பெரும்பகுதி காற்றுக்கே திரும்பிவிடுகிறது. கடற்புல்வெளியோ கரியைச் சேற்றில் நெடுங்காலம் புதைத்து வைக்கிறது. ஆகவே கடற்புல்லின் மேல் தெப்பம் கட்டி வெயிலை மறைத்தால், சூழலுக்கு அது நட்டக் கணக்கு.

நம்பிக்கை: அயல்பாசி பவளத்தைக் கொல்லும், எனவே பாசி வளர்ப்பே கூடாது.

உண்மை: இந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. பிலிப்பைன்ஸ் கடலுக்குரிய கப்பாபைகஸ் 1990களில் மண்டபம் வந்தது. ஒடிந்த துண்டிலிருந்தே அது தழைக்கும். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளத்தின் மேல் அது படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். ஆயினும் அந்தச் சான்று ஓர் இனத்தையும் ஓர் இடத்தையும் பற்றியது. அதே கடலில் அகர் தரும் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் இயல்பாகவே உண்டு. பாம்பன் பகுதிப் பெண்கள் நீண்டகாலமாக மூழ்கிப் பறிப்பவை அவை. உள்ளூர் இனங்களில் விளைச்சல் குறைவு என்பார்கள். உண்மைதான். அந்தக் குறைவை நல்ல விதைப்பாசியாலும் நியாய விலையாலும் ஈடுகட்டுவது அரசின் கடமை. 2023இல் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் கடல்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. உள்ளூர் விதைப்பாசியைப் பெருக்கி மீனவப் பெண்கள் கையில் சேர்ப்பதே அதன் முதல் வேலையாக வேண்டும். வயலுக்கு விதை தேர்வதில் காட்டும் கவனத்தைக் கடலுக்கும் காட்டினால், பவளமும் பிழைக்கும், அடுப்பும் எரியும்.