கடன் வருமானமா?

2020 ஊரடங்குல, எங்க அப்பாவோட லேத் பட்டறைக்கு மத்திய அரசின் அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டத்துல வங்கிக் கடன் கிடைச்சது. "இதுக்கும் வரி கட்டணுமாடா?"ன்னு கேட்டார். உங்க வீட்லயும் கேட்டிருக்கலாம்.

வேண்டாம். கடன் திருப்பித் தர வேண்டிய பணம். அதனால் வருமானம் ஆகாது. அதே காரணத்தால், திருப்பிக் கட்டும் அசல் செலவும் ஆகாது. தொழிலுக்கு வாங்கிய கடனின் வட்டி மட்டுமே செலவு. அதுவும் வங்கிக்கு நிஜமாவே கட்டியிருந்தால்தான். பாக்கி வட்டியைப் புதுக் கடனா மாத்தினா, அது கட்டினதா ஆகாது.

அரசு மானியம் வேற. திருப்பித் தர வேண்டாம், அதனால் பொதுவாக வருமானம். மெஷின் வாங்கக் கொடுத்த மானியம்னா, அதை விலையில் கழிச்சிட்டு மீதிக்குத்தான் தேய்மானம்.

அப்பா தவணை முழுசையும் செலவுன்னே எழுதியிருந்தார். உட்கார்ந்து திருத்தினோம். உங்க வீட்டுக் கணக்கு நோட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்க.