பேத்தி வேக்சிங் பழகும்போது

பேத்தி அழகுக்கலை படிக்கிறாரா? "பாட்டி, வேக்சிங் பழகணும், கொஞ்சம் காலைக் காட்டுங்க" என்று கேட்டால் மறுக்க மனம் வராது. ஆனால், நீரிழிவினால் உங்கள் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் மறுத்துவிடுங்கள். சூடு உங்களுக்குத் தெரியாமலே தோல் வெந்துவிடலாம். புண் ஆறவும் நாளாகும்.

வயதாக ஆகத் தோல் மெலிகிறது. வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறீர்களா? ஸ்டீராய்டு களிம்பை நெடுநாள் பூசுகிறீர்களா? மெழுகை இழுக்கும்போது தோல் உரியலாம், இரத்தம் கட்டலாம். முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

மற்றவர்கள் சம்மதிக்கலாம். பேத்தி முதலில் தமது மணிக்கட்டின் உட்புறத்தில் சூட்டைச் சோதிக்கட்டும். தோலில் பட்ட குச்சியை மறுபடி மெழுகில் விடக்கூடாது.

சுட்டுவிட்டால், ஒட்டிய மெழுகைப் பிய்க்காதீர்கள். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். பற்பசை, சோயா சாஸ் பூச வேண்டாம். கொப்புளம் கண்டால் பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள்.