இரண்டு பேர், ஒரு லேப்டாப்: இது பேண்டா?

டிரம்ஸ் அடிக்க ஆள் இல்லை. கிட்டாரும் இல்லை. ஒரு நீள மேசை, அதன்மேல் சின்தசைசர், டிரம் மெஷின், லேப்டாப், பின்னால் இரண்டு பேர். இப்படி ஒரு ஜோடி நிகழ்ச்சி ஒப்புக்கொள்ளும்போது ஏற்பாட்டாளர் கேட்பார்: தனிக்கலைஞரா, டிஜேவா, பேண்டா? பெரும்பாலோர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு சவுண்ட் செக்குக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள். அன்று சொன்ன பதில் சம்பளத்தில், விசாவில், பெயர் உரிமையில், கடைசியில் பிரியும்போது என்று ஒவ்வொரு இடத்திலும் வந்து முன்னால் நிற்கும்.

நாலு பேர் இல்லாமல் பேண்டா என்று ரசிகர்கள் சண்டை போடட்டும். தொழில் அந்தக் கேள்வியை எப்போதோ தாண்டிவிட்டது. பிரிட்டனின் பிரிட் விருதுகளில் சிறந்த பிரிட்டிஷ் குழுவுக்கான விருதை 1988-ல் வாங்கியது பெட் ஷாப் பாய்ஸ், 1989-ல் இரேஷர். இரண்டிலும் ஆள் இரண்டுதான், கருவியும் பெரும்பாலும் சின்தசைசர்தான். 1992-ல் கேஎல்எஃப் அதே விருதை சிம்ப்ளி ரெட்டோடு பகிர்ந்துகொண்டது. அதுவும் இருவர் கூட்டணி. கிராமிக்காரர்கள் இருவரையும் குழுவையும் ஒரே பிரிவில் போட்டுக் கதையை முடித்துவிட்டார்கள். 2014-ல் அந்தப் பிரிவில் 'கெட் லக்கி' பாட்டுக்காக டாஃப்ட் பங்க் வென்றது. ஆகவே எண்ணிக்கை பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் இருவரும் எந்த வகைக் கூட்டு என்பதைத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

காய்ச்சல் சோதனை

நாளை நிகழ்ச்சி. இன்று ஒருவருக்குக் காய்ச்சல். மற்றவர் அதே பெயரில் தனியாக மேடை ஏறலாமா?

ஏறவே முடியாது என்றால் நீங்கள் பேண்ட். ஏறலாம், ஆனால் டிஜே செட் என்று அறிவித்துவிட்டுத்தான் என்றாலும் பேண்ட்தான். டிஜே வேலை உங்கள் கிளைத் தொழில், அவ்வளவே. கெமிக்கல் பிரதர்ஸ் போன்றவர்கள் நேரடி நிகழ்ச்சி, டிஜே செட் இரண்டையும் தனித்தனியாக அறிவித்துச் செய்கிறவர்கள். தாராளமாக ஏறலாம், வித்தியாசமே தெரியாது என்பது பதிலானால், அது ஒருவருடைய தனி முயற்சி. மற்றவர் தயாரிப்பாளராகவோ உதவியாளராகவோ சேர்ந்திருக்கிறார். இதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அப்புறம் வருமானத்தில் பாதியைத் தூக்கிக் கொடுப்பது தொழில் அல்ல, தர்மம்.

பதிலை இருவரும் தனித்தனியாகத் தாளில் எழுதி, பிறகு மாற்றிப் படியுங்கள். இரண்டு தாளும் ஒத்துப்போகவில்லையா? நல்லது, சண்டை சீக்கிரமே வந்துவிட்டது. முதல் ஆல்பத்துக்குப் பிறகு வந்திருந்தால் வக்கீல் செலவும் சேர்ந்திருக்கும்.

சோதனையைச் செய்யும்போது மேடையில் யார் அதிகம் வியர்க்கிறார் என்று பார்க்காதீர்கள். பெட் ஷாப் பாய்ஸில் நீல் டெனன்ட் பாடுவார். கிறிஸ் லோ தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கீபோர்டுக்குப் பின்னால் அசையாமல் நிற்பார். அவர் என்னதான் செய்கிறார் என்று நாற்பது ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். அவர்கள் சேர்ந்து எழுதிய பாடல்களில் டெனன்ட்/லோ என்று இருவர் பெயரும் இருக்கிறது. பதில் அங்கேயே கிடைத்துவிடுகிறது. நம் ஊரிலும் ஹிப்ஹாப் தமிழா என்றதும் பலருக்கு ஆதி முகம் மட்டுமே நினைவுக்கு வரும். அந்தப் பெயரில் ஜீவாவும் இருக்கிறார். முகம் தெரியாத பங்காளி இரட்டையர் தொழிலில் சகஜம். ஒப்பந்தத்திலும் அவர் தெரியாமல் போனால்தான் ஆபத்து.

இயந்திரத்தை ஆளாக எண்ணலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. 1978 அக்டோபரில் லிவர்பூலின் எரிக்ஸ் கிளப்பில் ஆர்க்கெஸ்ட்ரல் மனூவர்ஸ் இன் தி டார்க் முதல்முறை மேடை ஏறியபோது, ஆண்டி மெக்ளஸ்கி பேஸ் கிட்டாரோடு பாடினார், பால் ஹம்ஃப்ரீஸ் கீபோர்டு. டிரம்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டேப் ரெக்கார்டர். அதற்கு வின்ஸ்டன் என்று பெயரும் வைத்திருந்தார்கள். வின்ஸ்டனுக்குப் பங்கும் இல்லை, சாப்பாட்டுப் படியும் இல்லை. சிக்கனமான மூன்றாவது ஆள்.

மேடையில்

இது சுலபம், சீக்கிரம் முடித்துவிடலாம். யூஎஸ்பி குச்சியோடு வந்து அங்கே இருக்கும் பிளேயர்களில் வாசித்தால் டிஜே. சொந்தக் கருவிகளை மேசையில் அடுக்கி வாசித்தால், சவுண்ட் எஞ்சினியரைப் பொறுத்தவரை நீங்கள் பேண்ட். எனவே பேண்ட் அனுப்புவதை எல்லாம் முன்கூட்டியே அனுப்புங்கள்: மேடை வரைபடம், சேனல் பட்டியல், அடுக்கி எடுக்க எத்தனை நிமிடம் வேண்டும் என்ற குறிப்பு. கிக் தனி, மற்ற டிரம் ஒலிகள் ஸ்டீரியோவில், பேஸ் தனி, சின்த் ஸ்டீரியோ, ஆளுக்கொரு மைக் என்று எட்டு சேனல் பிரித்துக் கொடுத்தால் எஞ்சினியருக்கு வேலை செய்ய இடம் இருக்கும். லேப்டாப்பிலிருந்து இரண்டே கம்பி நீட்டினால் ஏற்றுவதும் இறக்குவதும் தவிர அவர் செய்ய ஒன்றுமில்லை. அன்றைய ஒலி நன்றாக இல்லை என்று பிறகு அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பணம்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் சட்டம் உங்களுக்காக ஒன்றை எழுதி வைத்திருக்கிறது. பிரிட்டனில் 1890-ம் ஆண்டு பார்ட்னர்ஷிப் சட்டப்படி, லாப நோக்கத்தோடு சேர்ந்து தொழில் செய்யும் இருவர் எங்கும் பதியாவிட்டாலும் கூட்டாளிகள்தான். இந்தியாவின் 1932-ம் ஆண்டுச் சட்டத்துக்கும் வாய்ப்பேச்சு ஒப்பந்தம் போதும். வேறு ஏற்பாடு இல்லையென்றால் லாபம், நஷ்டம் இரண்டும் சரிபாதி. கூட்டுத்தொழிலுக்காக உங்கள் நண்பர் வாங்கிய கடனுக்கு நீங்களும் பொறுப்பு. இன்னொன்றையும் கவனியுங்கள்: இங்கே பதிவு செய்யாத பார்ட்னர்ஷிப், ஒப்பந்தப் பாக்கியைக் கேட்டு வெளியாள்மீது வழக்குப் போட முடியாது. நிகழ்ச்சி முடிந்ததும் கைபேசியை அணைத்துவிடும் ஏற்பாட்டாளர்கள் உள்ள ஊரில், பதிவுக் கட்டணம் பெரிய செலவு இல்லை.

மேடைச் சம்பளத்தைப் பாதியாக்குவது எளிது. பாட்டின் வருமானம் அப்படி இல்லை. பாட்டை உருவாக்கியவருக்கு வரும் பணம் வேறு, பதிவுக்கு வரும் பணம் வேறு. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு சாஃப்ட் செல்லைப் பாருங்கள். மார்க் ஆல்மண்ட், டேவ் பால் இருவரும் 1981-ல் வெளியிட்ட 'டெய்ன்டட் லவ்' அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் 43 வாரம் இருந்தது. பாட்டு எட் காப் எழுதிய பழைய பாட்டு. சரி, இசைத்தட்டின் மறுபக்கத்திலாவது சொந்தப் பாட்டைப் போட்டிருந்தால், விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் எழுதியவர் பங்கு வந்திருக்கும். அங்கேயும் சுப்ரீம்ஸின் பழைய பாட்டையே போட்டார்கள். உலகம் முழுக்க ஓடிய ஒரு தட்டில், எழுதியவர் கணக்கில் அவர்களுக்கு வந்தது பூஜ்யம்.

காய்ச்சல் சோதனையில் பேண்ட் என்று தேறினால் என் யோசனை இதுதான்: சேர்ந்து செய்த எல்லாப் பாட்டுக்கும் ஆளுக்குப் பாதி என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். மெட்டு நான் போட்டேன், பேஸ் லைன் நீ போட்டாய் என்று அளக்க ஆரம்பித்தால், அடுத்த பாட்டில் தேவையில்லாத இடத்திலெல்லாம் இருவர் கையும் நீளும். மின்னிசையில் இது இன்னும் மோசம், ஏனென்றால் ஒலியைச் செதுக்குவதுதான் பாதி வேலை, அதை எந்தப் படிவத்திலும் அளக்க முடியாது. பாட்டை, உரிமைத்தொகை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் போன்ற அமைப்பில் பதியும்போது பங்கு சதவீதத்தைக் கேட்பார்கள். அந்த நேரத்தில் முடிவெடுக்க உட்காராதீர்கள்.

மூன்றாமவர் வந்தால்? டாஃப்ட் பங்க் வழி எனக்குப் பிடிக்கும். 'கெட் லக்கி'யில் நைல் ராட்ஜர்ஸ், ஃபாரல் வில்லியம்ஸ் இருவருக்கும் எழுதியவர் பட்டியலில் இடம், தலைப்பிலும் பெயர். அதனால் டாஃப்ட் பங்க் நால்வர் ஆகிவிடவில்லை. பாட்டில் பங்கு கொடுக்கலாம், பேண்டில் பங்கு கொடுக்கத் தேவையில்லை.

இருவர் கூட்டில் ஓட்டெடுப்பு இல்லை

நாலு பேர் பேண்டில் மூன்றுக்கு ஒன்று என்று தீர்த்துவிடலாம். இருவரில் எப்போதும் ஒன்றுக்கு ஒன்று. ஆகவே துறையைப் பிரியுங்கள்: எந்தப் பாட்டை வெளியிடுவது என்பதில் கடைசி வார்த்தை ஒருவருக்கு, எந்த நிகழ்ச்சியை ஏற்பது என்பதில் மற்றவருக்கு. பெரிய விஷயங்களுக்கு இருவரும் மதிக்கும் ஒரு மூன்றாம் ஆளின் பெயரை இப்போதே எழுதிவையுங்கள். அது யாருடைய மனைவியாகவோ கணவனாகவோ இருக்க வேண்டாம்.

இருவரும் ஒரே மனதாக இருப்பதும் சில நேரம் ஆபத்துதான் என்பது தனிக் கதை. கேஎல்எஃப் இருவரும் 1992-ல் தொழிலை விட்டு விலகித் தங்கள் ஆல்பங்களைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். 1994 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில் பத்து லட்சம் பவுண்டைக் கொளுத்தினார்கள். தடுக்க மூன்றாவது ஓட்டு இல்லை.

விசா

அமெரிக்காவில் வாசிக்கும் எண்ணம் இருந்தால் கவனியுங்கள். உலக அளவில் அறியப்பட்ட குழுக்களுக்கான பி-1பி விசாவின் விதிகளில், இரண்டு பேர் சேர்ந்தாலே குழு. ஆனால் உறுப்பினர்களில் 75 சதவீதம் பேர் குறைந்தது ஓராண்டாவது அந்தக் குழுவோடு இருந்திருக்க வேண்டும். இரண்டில் 75 சதவீதம் ஒன்றரை, அதாவது இருவருமே. போன மாதம் பழைய கூட்டாளி போய்ப் புதியவர் வந்திருந்தால் கணக்கு இடிக்கும். எனவே இருவர் பெயரும் உள்ள சுவரொட்டி, ஒப்பந்தம், பத்திரிகைச் செய்தி எல்லாவற்றையும் தேதியோடு சேர்த்துவையுங்கள்.

பெயர் யாருடையது?

முதலில், அது ஏற்கெனவே வேறு யாருடையதாவது இருக்கிறதா என்று பாருங்கள். டாம் ரோலண்ட்ஸும் எட் சைமன்ஸும் டஸ்ட் பிரதர்ஸ் என்று கிளம்பினார்கள். அமெரிக்காவில் அதே பெயரில் ஒரு தயாரிப்பாளர் ஜோடி இருந்தது. 1995-ல் கெமிக்கல் பிரதர்ஸ் ஆனார்கள். பிரிட்டனின் யாஸூ, அமெரிக்காவில் அதே பெயரில் இசை நிறுவனம் ஒன்று இருந்ததால், அங்கே யாஸ் என்று குறைந்தது.

பிரிவதில்தான் உண்மையான சிக்கல். விஸ்வநாதன்–ராமமூர்த்தி 1965-ல் பிரிந்தபோது அவரவர் பெயர் அவரவரோடு போனது. கற்பனைப் பெயர் வைத்த பேண்டுக்கு அந்த வசதி இல்லை. 1989-ல் ஆர்க்கெஸ்ட்ரல் மனூவர்ஸ் இன் தி டார்க்கிலிருந்து பால் ஹம்ஃப்ரீஸ் விலகியபோது மெக்ளஸ்கி பழைய பெயரிலேயே தொடர்ந்தார், ஹம்ஃப்ரீஸ் வேறு பெயரில் புதுக் குழு தொடங்கினார். பின்னாளில் மறுபடி சேர்ந்தார்கள். எல்லாருக்கும் அப்படி நல்லபடியாக முடிவதில்லை. ஒருவர் போனால் பெயர் யாரிடம், அல்லது இருவருமே பயன்படுத்தக் கூடாதா, பழைய பாடல்களை மேடையில் யார் வாசிக்கலாம் என்று மூன்று வரியில் எழுதுங்கள். டிரேட்மார்க்கை ஒருவர் பெயரில் பதியாமல் இருவர் பெயரிலோ, பார்ட்னர்ஷிப்பின் பெயரிலோ பதியுங்கள்.

எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு மேல் வராது. சம்பளப் பங்கு, பாட்டுப் பங்கு, கருவிகளில் எது யாருடைய காசில் வாங்கியது, யாருக்கு எதில் கடைசி வார்த்தை, பிரிந்தால் பெயர். மின்னஞ்சல், இன்ஸ்டாகிராம், ஸ்பாட்டிஃபை கணக்குகளின் கடவுச்சொல் இருவரிடமும் இருக்கட்டும். வெளியிடாத பாடல்களின் புராஜெக்ட் ஃபைல்களை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, ஆளுக்கொன்று வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.