மூட்டுவாதமும் பாலியல் ஓமோன்களும்
குடும்பங்களுக்கான சுகாதாரப் பாடம்

காணியையும் கால்நடையையும் விட்டு வந்த குடும்பத்திடம் எஞ்சியிருக்கும் மூலதனம் அதன் உழைப்பாகும். அந்த உழைப்பு கைகளிலும் முழங்கால்களிலும் தங்கியிருக்கிறது. ஆகவே மூட்டு நோவை ஒரு சிறிய முறைப்பாடாக நாம் கருத முடியாது.

முழங்கால் நொந்தால் "வயது போனால் வருவதுதானே" என்கிறார்கள். பிள்ளை பெற்ற தாயின் விரல்கள் வீங்கினால் "பச்சை உடம்பு, குளிர் பிடித்துவிட்டது" என்கிறார்கள். முதலாவது பாதி உண்மை. இரண்டாவது, ஒரு தாயின் கைகளையே பறித்துவிடக்கூடிய தவறு. இரண்டுக்கும் பின்னால் பாலியல் ஓமோன்களின் பங்கு இருக்கிறது. அதனை இப்பாடத்தில் விளங்கிக்கொள்வோம்.

1. மூட்டின் அமைப்பு

இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடமே மூட்டு. எலும்புகளின் நுனிகளை வழுவழுப்பான கசியிழையம் மூடியிருக்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள பையின் உட்சவ்வு, எண்ணெய் போன்ற வழுக்கு நீரைச் சுரக்கிறது. வெளியே இணையங்களும் தசைகளும் மூட்டைத் தாங்கி நிற்கின்றன.

கசியிழையத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. நாம் நடக்கும்போது அது பஞ்சு போல அமுங்கி விரிந்து, வழுக்கு நீரிலிருந்து போசணையைப் பெறுகிறது. எனவேதான் அது பழுதடைந்தால் இலகுவில் ஆறுவதில்லை. எனவேதான் அசைவில்லாத மூட்டும் கெடுகிறது.

2. ஓமோன் என்பது என்ன?

உடலின் சுரப்பிகள் உண்டாக்கி இரத்தத்தில் அனுப்பும் செய்திப் பொருளே ஓமோன். குளத்தின் கதவைத் திறந்தால் வாய்க்கால் வழியே தண்ணீர் எல்லா வயலையும் கடந்து செல்கிறது. ஆனால் வரம்பை வெட்டிவிட்ட வயலுக்குள்தான் அது பாய்கிறது. அவ்வாறே, ஓமோனை ஏற்கும் 'ஏற்பிகள்' உள்ள உறுப்புகளே அதன் செய்தியைப் பெறுகின்றன.

பெண்களின் சூலகம் ஈஸ்திரோஜனையும் ஆண்களின் விதைகள் தெஸ்தோஸ்தரோனையும் முக்கியமாகச் சுரக்கின்றன. இரு பாலாரிடமும் இரண்டும் உண்டு; அளவுதான் வேறு. இவை பிள்ளைப்பேற்றுக்கு மட்டும் உரியவை என்று பலர் நினைக்கின்றனர். ஆனால் எலும்பு, தசை, கசியிழையம், மூட்டின் உட்சவ்வு ஆகியவற்றிலும் ஈஸ்திரோஜன் ஏற்பிகள் காணப்படுகின்றன.

3. மாதவிடாய் நிற்கும் காலம்

தேய்வு மூட்டுவாதம் 50 வயதுக்கு முன் பெண்களிடம் ஆண்களை விட அதிகம் என்று சொல்ல முடியாது. அதன் பின்னரோ பெண்களே, சிறப்பாக முழங்கால்களிலும் விரல்களிலும், கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர். பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில் மாதவிடாய் நின்று ஈஸ்திரோஜன் குறைகிறது. அதனால் எலும்பு மெலிகிறது என்பது உறுதியானது. மார்புப் புற்றுநோய்க்காக ஈஸ்திரோஜனைக் குறைக்கும் மாத்திரை எடுக்கும் பெண்கள் பலருக்கு மூட்டு நோ வருவதும், இந்த ஓமோனுக்கும் மூட்டுக்கும் உள்ள உறவைக் காட்டுகிறது.

ஆனால் ஓமோன் மட்டும் காரணமல்ல. உடற்பருமன், பழைய காயம், பாரம் சுமத்தல், நீண்டநேரம் குந்தியிருந்து களை பிடுங்குதல், தசைப் பலவீனம் ஆகியவையும் மூட்டைத் தேய்க்கின்றன. இவற்றில் பலவற்றை நாம் மாற்றலாம்.

அப்படியானால் ஓமோன் மாத்திரை குடித்தால் என்ன? அமெரிக்காவில் ஈஸ்திரோஜனையும் புரோஜெஸ்தோஜனையும் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வொன்று 2002இல் இடைநிறுத்தப்பட்டது. மார்புப் புற்றுநோய், பாரிசவாதம், இரத்தக்கட்டி ஆகியவை அதிகரித்தமையே காரணம். எனவே மூட்டு நோவுக்கென்று மட்டும் இம்மாத்திரையை வைத்தியர்கள் கொடுப்பதில்லை. பிறர் சொல்லைக் கேட்டு யாரும் வாங்கிக் குடிக்க வேண்டாம்.

4. பிள்ளை பெற்ற தாயின் விரல்கள் வீங்கினால்

ருமற்றோயிட் மூட்டுவாதம் வேறொரு நோய். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, வழி தவறித் தன் சொந்த மூட்டின் உட்சவ்வையே தாக்குகிறது. ஆண்களை விடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம். இளம் வயதிலும் வரும்.

பிலிப் ஹென்ச் என்ற அமெரிக்க வைத்தியர், இந்நோயுள்ள பெண்கள் கர்ப்பமானதும் நோ தணிவதைக் கவனித்து 1938இல் எழுதினார். உடலே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து நோயைத் தணிக்கிறது என எண்ணினார். அத்தேடல் அவரை கோட்டிசோன் என்னும் ஓமோனிடம் கொண்டு சென்றது. 1948இல் அது முதன்முதலாக ஒரு மூட்டுவாத நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது. 1950இல் அவரும் வேறு இருவரும் நோபல் பரிசு பெற்றனர். கோட்டிசோன் பாலியல் ஓமோன் அல்ல. ஆயினும் தாய்மை தந்த குறிப்பே அதற்கு வழிகாட்டியது.

கர்ப்ப காலத்தில் ஓமோன்களும் எதிர்ப்புச் சக்தியும் மாறுவதால், இந்நோயுள்ள தாய்மாரில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு நோ குறைகிறது. பிள்ளை பிறந்தபின் சில மாதங்களுக்குள் பலருக்கு அது மீண்டும் கிளம்புகிறது. சிலருக்கு அக்காலத்திலேயே முதன்முதலாகத் தொடங்குகிறது. குளிரும் பச்சைத் தண்ணீரும் இதற்குக் காரணமல்ல.

எவ்வாறு இனங்காண்பது? காலையில் எழும்பும்போது விரல்கள் விறைத்து, அரை மணி நேரத்துக்கு மேலாகியும் இளகாமல் இருக்கும். இரு கைகளிலும் ஒரே மாதிரியான மூட்டுகள் வீங்கி, தொட்டால் சூடாக இருக்கும். உடல் சோர்வும் கூட வரும். தேய்வு மூட்டுவாதத்திலோ விறைப்பு விரைவில் இளகும். வேலை செய்யச் செய்ய நோ கூடும்.

முதல் அடையாளங்களைக் கண்டவர் சில வாரங்களுக்குள் அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். அங்கு சிகிச்சை இலவசம். சேதம் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே ஆழமாகிவிடலாம். கோணிய விரலை மருந்தால் நிமிர்த்த முடியாது. இந்நோய்க்குப் பெரும்பாலும் கொடுக்கப்படும் மெதோட்ரெக்சேற் மாத்திரை கிழமைக்கு ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டியது. தினமும் எடுத்தால் உயிராபத்து. கர்ப்பிணிகள் அதனை எடுக்கக் கூடாது. பிள்ளை பெற விரும்பும் தாயும் பாலூட்டும் தாயும் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

5. ஆண்களும் கவனிக்க

நள்ளிரவில் கால் பெருவிரல் சிவந்து, துணி பட்டாலும் தாங்காத நோ வருகிறதா? அது கவுற் என்னும் மூட்டு நோயாக இருக்கலாம். இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி மூட்டில் பளிங்காகப் படிவதால் இது வருகிறது. ஈஸ்திரோஜன் அந்த அமிலத்தைச் சிறுநீருடன் வெளியேற்ற உதவுவதால் இளம் பெண்களுக்கு இது அரிது. மாதவிடாய் நின்றபின் அவர்களுக்கும் வரலாம். மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு இந்நோய் வருவதில்லை என்பதை 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்க வைத்தியர்கள் குறித்து வைத்தனர். மதுவைக் கைவிடுவது இந்நோயாளியின் முதல் மருந்து.

6. நாம் செய்யக்கூடியவை

* உடற்பருமன் உள்ளவர் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது.
* கதிரையில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து மெதுவாக இறக்கவும். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, காலை மாலை செய்யவும். தொடைத் தசையே முழங்காலின் காவலன்.
* களை பிடுங்கக் குந்தாமல் சிறு பலகையில் அமரவும். நீண்ட பிடியுள்ள மண்வெட்டியைப் பயன்படுத்தவும். குடத்தைப் பாதியளவு நிரப்பவும். தண்ணீர் சுமப்பதை ஆண்களும் பகிர்ந்துகொள்ளவும்.
* முள்ளோடு உண்ணும் நெத்தலி, குரக்கன், எள்ளு ஆகியவை எலும்புக்குக் கல்சியம் தரும்.
* டைக்குளோபினக் போன்ற நோ மாத்திரைகளைத் தொடர்ந்து குடிப்பது குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். விவசாயிகளிடையே சிறுநீரக நோய் காணப்படும் வட மத்திய மாகாணத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் இது இரட்டை ஆபத்து. "ஒரே நாளில் சுகம்" என்று விற்கப்படும் தூள்களில் ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம்.
* கிளினிக் அட்டையை அடையாள அட்டையோடு ஒன்றாகப் பாதுகாக்கவும். இடம் மாற நேர்ந்தால் மருந்தை நிறுத்தாமல், புதிய இடத்து ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டவும்.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், 18 ஆண்டுகள் நிமிர முடியாதிருந்த ஒரு பெண்ணை இயேசு காண்கிறார். அவள் கேட்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. தாமே அவளை அழைக்கிறார். நாளை வரட்டும் என்றவர்களுக்கு அவர் இணங்கவுமில்லை. எமது வீட்டில் விரலை மடக்க முடியாமல் மௌனமாகச் சமைக்கும் தாயையும் நாமே முதலில் அழைத்துக் கேட்க வேண்டும்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது குடும்பங்களில் காலையில் கை விறைப்புடன் எழுபவர் யார்? அவர் வைத்தியரைக் கண்டாரா?
2. ஒரு தாய் கிளினிக் செல்லும் நாளில் அவளுடைய பிள்ளைகளையும் வேலையையும் பொறுப்பேற்பவர் யார்?
3. எமது கிராமத்தில் பெண்கள் மட்டுமே சுமக்கும் பாரங்கள் எவை? அவற்றில் எதனை இம்மாதமே மாற்றலாம்?