பழைய ஊசியே மறுபடி எதற்கு?

"கிருமிதான் உருமாறிவிட்டதே, பழைய ஊசியையே மறுபடி போட்டு என்ன பயன்?" நம் வீடுகளில் வாப்பாவும் உம்மாவும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

2021 நவம்பரில் தெரியவந்த ஒமைக்ரான் வகையில், கொரோனா கிருமியின் முள் புரதத்தில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. இரண்டு தவணை போட்டவர்களின் ரத்தத்திலிருந்த ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவற்றால் அதைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. ஆனால் ஃபைசர் ஊசியை மூன்றாம் முறை போட்டவர்களிடம், ஒமைக்ரானைத் தடுக்கும் ஆன்டிபாடிகள் பல மடங்கு கூடின. இத்தனைக்கும் அது வூஹானில் முதலில் கண்ட கிருமிக்காகச் செய்த அதே ஊசி!

காரணம் நிணநீர்க் கணுக்களில் இருக்கிறது (கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுமே, அவைதான்). ரத்தத்தில் ஆன்டிபாடி குறைந்த பிறகும், அங்கே நினைவு செல்கள் மாதக்கணக்கில் தம்மைத் திருத்திக்கொள்கின்றன. அவற்றில் சில, கிருமியில் எளிதில் மாறாத பகுதிகளையும் பற்றப் பழகுகின்றன. பூஸ்டர் அவற்றை எழுப்பிப் பெருக்குகிறது. அதனால்தான் தவணைகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும். 2022 ஜனவரி 10-ல் நம் நாட்டில் முன்னெச்சரிக்கைத் தவணை தொடங்கியபோது அது 9 மாதம். ஜூலையில் 6 ஆனது.

கூடிய ஆன்டிபாடி சில மாதங்களில் மறுபடி குறையும்; தொற்று வரலாம். கடும் நோயிலிருந்து காக்கும் பலன் அதைவிட நீடிக்கிறது.

ஃப்ளூ கிருமியும் ஓயாமல் மாறுவது. அதனால் அதற்கான ஊசியின் கலவையை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை பரிசீலிக்கிறது. சுகர், இதயநோய், ஆஸ்துமா உள்ள பெரியவர்களை டாக்டரிடம் அழைத்துச் செல்லும்போது இதையும் கேளுங்கள். பழைய தடுப்பூசிச் சான்றிதழையும் எடுத்துச் செல்லுங்கள்.