மணிக்கு ஒரு வரி

அன்புள்ள தம்பிக்கு,

சிறியதாயினும் சொந்தமான ஒரு பாய்மரப் படகை வாங்கி, வரும் பருவத்தில் அரபிக் கடலைக் கடக்கப் போவதாக நீ எழுதிய கடிதத்தில், பாய்த்துணியைப் பற்றியும் நங்கூரச் சங்கிலியைப் பற்றியும் விஸ்தாரமாக விசாரித்துவிட்டு, முடிவில், போகிற போக்கில், குறிப்பேடு எப்படிப்பட்டது வாங்கலாம் என்றும் ஒரு வார்த்தை கேட்டிருந்தாய். மற்றவற்றுக்கு விடை சொல்ல உன் துறைமுகத்திலேயே கெட்டிக்காரர்கள் இருப்பார்கள். ஆகையால் நீ கடைசியில் கேட்டதையே முதலாவதாக எடுத்துக்கொண்டு, உன்னைப்போல் புதிதாகக் கடலில் இறங்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று இதைப் பகிரங்கக் கடிதமாகவே எழுதுகிறேன்.

புத்தகத்தின் விஷயம் சுருக்கமானது. கெட்டி அட்டை போட்டு, நூலால் தைத்துக் கட்டியதாக, விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளாததாக, வரைபட மேஜையின் ஓரத்தில் அடங்கும் அளவினதாகப் பார்த்து வாங்கு. பக்கங்களுக்கு எண் இல்லாவிட்டால் முதல் நாளே நீயே போட்டுக்கொள். கம்பிச் சுருள் போட்ட நோட்டு வேண்டாம். அது துருப்பிடிக்கும் என்பது ஒரு காரணம், அதிலிருந்து ஒரு தாளைக் கிழித்தால் கிழித்த சுவடே தெரியாது என்பது அதைவிடப் பெரிய காரணம். மை ஈரம் பட்டால் கரைந்தோடும். மெத்தென்று எழுதும் பென்சிலே படகுக்கு உத்தமம். ஆனால் பென்சில் வைத்துக்கொள்வதால் ரப்பரும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதே. பிழையாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, அது படிக்கத் தெரியும்படியே விட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுது.

எழுதும் முறைதான் முக்கியம். நேரம், வேகமானி காட்டும் தூரம், திசைகாட்டியில் படகு உண்மையாகச் சென்ற திசை, காற்றின் திசையும் பலமும், காற்றழுத்தம், படகு இருக்கும் அட்சரேகை தீர்க்கரேகை, இவற்றுக்குத் தனித்தனிக் கட்டமும், பாயைச் சுருக்கியது, தூரத்தில் கப்பல் விளக்குத் தெரிந்தது, அடித்தட்டில் சேர்ந்த நீரை இறைத்தது போன்ற செய்திகளுக்குக் கடைசியில் ஓர் அகன்ற கட்டமும் போதும். மணிக்கு ஒரு வரி எழுது. எழுதத்தக்கது ஏதேனும் நடந்தால் எழுதலாம் என்று காத்திருப்பவன் குறிப்பேடு எழுதுகிறவன் அல்லன். எது எழுதத்தக்கது என்பது அந்த மணியில் யாருக்கும் தெரியாது. மண்டிக் கணக்குப்பிள்ளை வரவு பெரிதா சிறிதா என்று பாராமல், வந்ததை வந்த நேரத்தில் நாள்வழியில் ஏற்றிவிடுகிறாரே, லாப நஷ்டம் பார்ப்பதை ஆண்டு முடிவுக்கு விட்டுவிடுகிறாரே, அந்த நியமந்தான் இங்கும் வேண்டுவது.

இதன் பிரயோஜனத்தை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். நீ செல்லவிருக்கும் உஷ்ணப் பிரதேசக் கடல்களில் காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை தானாகவே ஏறி இறங்கும். காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சத்திலும், விடியற்காலை நான்குக்கும் மாலை நான்குக்கும் தாழ்விலும் நிற்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் மூன்று மில்லிபார். நேற்று முன்தினமும் நேற்றும் காலை பத்து மணிக்கு 1011 என்றும், மாலை நான்குக்கு 1008 என்றும் உன் ஏட்டில் பதிவாகியிருக்கிறது. இன்று காலை பத்து மணிக்குக் கருவி 1008 காட்டுகிறது என்று வைத்துக்கொள். ஏட்டைப் புரட்டாதவன், நேற்று மாலை பார்த்த எண்தானே என்று நிம்மதியாகத் தேநீர் போடப் போய்விடுவான். ஏட்டைப் பார்ப்பவனோ, உச்சத்தில் நிற்கவேண்டிய வேளையில் தாழ்வின் எண் நிற்கிறதே என்று திடுக்கிடுவான். அந்த வேளைக்குரிய சராசரியிலிருந்து மூன்று மில்லிபார் குறைந்தால் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்பதும், ஐந்து குறைந்தால் புயல் அருகில் இருப்பதில் அதிகம் சந்தேகமில்லை என்பதும் மாலுமிகளின் பழைய பாடம். அந்தச் சராசரியைக் கருவி உனக்குச் சொல்லாது. கிரமமாக எழுதிய ஏடு ஒன்றே சொல்லும்.

காற்றைப் பற்றி எழுதும்போது 'பலத்த காற்று' என்றோ 'பயங்கரமான காற்று' என்றோ எழுதாதே. களைத்திருப்பவனுக்கு எல்லாக் காற்றும் பயங்கரந்தான். இந்தச் சங்கடத்தை உணர்ந்துதான் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியான பிரான்சிஸ் போஃபோர்ட் 1806-ஆம் ஆண்டை ஒட்டித் தம் குறிப்பேட்டில் காற்றுக்கு எண்கள் வகுத்துக்கொண்டார். இன்ன காற்றில் கப்பல் இன்னின்ன பாய்களைத் தாங்கும் என்பதே அவர் கொண்ட அளவுகோல். மனத்தின் கலக்கத்தைக் கழித்துவிட்டுக் கண்ணுக்குப் பிரத்தியட்சமானதை மட்டும் நிறுத்தும் அந்த எண்களையே நீயும் எழுது.

அப்படி எழுதிய ஒற்றை வரியின் மதிப்பைப் பார். மேரி செலஸ்ட் என்ற பாய்க்கப்பல் 1872 டிசம்பர் தொடக்கத்தில், அஸோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே, ஓர் ஆள்கூட இல்லாமல் மிதந்துகொண்டிருக்கக் கண்டெடுக்கப்பட்டதைக் கேள்விப்பட்டிருப்பாய். அதன் குறிப்பேடு நவம்பர் 24-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. ஆனால் அவ்வப்போது எழுதிப் பிறகு ஏட்டில் ஏற்றுவதற்கென வைத்திருந்த கற்பலகையில், 25-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு, சாண்டா மரியா தீவின் கிழக்கு முனை ஆறு மைல் தூரத்தில் தெரிந்ததாக ஒரு வரி இருந்தது. அந்த மனிதர்களுக்கு நேர்ந்தது என்ன என்று இன்றுவரை எத்தனையோ ஊகங்கள். அவை அனைத்தும் புறப்படும் இடம் அந்த ஒரு வரிதான். அதை எழுதியவர் எந்த ரகசியத்தையும் சொல்ல நினைக்கவில்லை. எட்டு மணி ஆயிற்று, எழுதினார்.

ஏட்டில் பொய் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1968-ல் தொடங்கிய தனியாள் உலகப் படகுப் போட்டியைக் காட்டிலும் கடுமையான திருஷ்டாந்தம் இல்லை. டொனால்ட் க்ரோஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் அட்லாண்டிக் சமுத்திரத்தை விட்டு வெளியேறாமலே, உலகைச் சுற்றி விரைந்துகொண்டிருப்பதாகக் கம்பியில்லாத் தந்தியில் அறிவித்துக்கொண்டு, தாம் போகாத வழிக்கு நாளுக்கு நாள் கணக்குப் போட்டு வந்தார். மெய்யை எழுத ஒரு பார்வை போதும், பொய்யை எழுதவோ ஒரு சமுத்திரத்தையே மனத்தில் கற்பிக்க வேண்டும். 1969 ஜூலை 10-ஆம் தேதி அவர் படகு கண்டுபிடிக்கப்பட்டபோது அதில் அவர் இல்லை. ஏடுகள் இருந்தன, அவற்றின் இறுதிப் பக்கங்களில் சித்தம் கலங்கிய எழுத்து இருந்தது. அதே போட்டியில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், நம் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய 'சுஹைலி' என்ற படகில், வானொலி பழுதாகி மாதக்கணக்கில் இருக்குமிடம் தெரியாமல் போயிருந்து, அதே ஆண்டு ஏப்ரல் 22-ஆம் தேதி உலகைச் சுற்றி முடித்துக் கரைசேர்ந்தார். தமக்குக் கிடைத்த ஐயாயிரம் பவுன் பரிசை இறந்தவரின் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

செயற்கைக்கோள் கருவி விநாடிக்கு விநாடி இடத்தைக் காட்டும்போது இந்தப் பழைய ஏடு எதற்கு என்று நீ கேட்கலாம். மின்கலம் தீர்ந்தால் கருவி அணைந்துவிடும். கடைசியாக எழுதிய இடமும் திசையும் வேகமும் ஏட்டில் இருந்தால், ஐந்து நாட் வேகத்தில் மூன்று மணி நேரத்துக்குப் பதினைந்து கடல் மைல் என்று கோடு போட்டுக்கொண்டு நீ மேலே போகலாம். அதுமட்டுமல்ல, அமெரிக்கக் கடற்படையின் மாத்யூ மௌரி, கிடங்கில் தூசி படிந்து கிடந்த பழைய கப்பல் குறிப்பேடுகளைத் தொகுத்து ஆராய்ந்தே 1847-ல் காற்று, நீரோட்ட வரைபடங்களை வெளியிட்டார். பெயர் தெரியாத மாலுமிகள் எவ்வித எண்ணமும் இன்றி எழுதிப்போட்ட வரிகளால், பின்வந்தவர்களின் பிரயாணங்கள் சுருங்கின.

ஆகவே, தம்பி, பிரயாணம் புறப்படும் தினத்தில் அல்ல, படகு துறையில் கட்டிக்கிடக்கும் இன்றே ஏட்டைத் திற. தேதியையும் மணியையும் காற்றழுத்தத்தையும் எழுது. கரையில் ஒரு மாதம் எழுதிப் பழகாதவன் கடலில் ஒருநாளும் எழுதமாட்டான்.