நச்சுக்கழிவும் ஒரு நிறுவனமும்

நம் சால்ட் லேக்கிற்குத் தென்கிழக்கே பன்தலாவில் குரோமியம் கொண்டு தோல் பதனிடுகின்றனர். இத்தகைய நச்சுக்கழிவைப் புதைக்க ஹால்தியாவில் கிடங்கு உண்டு; நம் கும்மிடிப்பூண்டியிலும் உண்டு! இரண்டையும் அமைத்தது, 1994இல் ஐதராபாத்தில் தோன்றிய ராம்கி என்விரோ குழுமம். 2018இல் அதன் 60 விழுக்காட்டுப் பங்கை அமெரிக்காவின் கே.கே.ஆர். வாங்கியது. இவ்வளர்ச்சிக்கு வித்திட்டது சட்டமே. 1989ஆம் ஆண்டு விதிகள் கழிவுக்கு ஆலைகளையே பொறுப்பாக்கின. பொறுப்பு வந்ததும் அதைக் கூலிக்குச் சுமக்க ஆள் வேண்டுமல்லவா?

கழிவில் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்து இறுக்குவர். கிடங்கின் அடியில் களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் இடுவர். ஆனால் குரோமியம் தனிமம், மட்கி அழியாது. மூடிய கிடங்கை 30 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டுமென்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நெறி. அது போதாதென்றே நான் கருதுகிறேன்.